பெயர் அழிந்த பன்னிரண்டு ஸ்லைடுகள்

தாழ்ப்பாள் அக்காவுக்கு அந்தப் பெயர் வரக் காரணம், ஒரு தாழ்ப்பாள் இல்லாததுதான்.

அவள் உதவியாளராக வேலை பார்க்கும் மருத்துவ நிலையத்தில், பெண்களைப் பரிசோதிக்கும் அறைக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. இருந்தது துருப்பிடித்து விழுந்து பதினோரு வருஷம் ஆகிறது. புதிது கேட்டு எழுதிப் போட்ட விண்ணப்பங்களை ஒன்றாகக் கட்டினால் அந்தக் கட்டையே கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம். அதனால் உள்ளே ஒருத்தி மேசையில் ஏறிப் படுத்ததும் இவள் கதவைச் சாத்தி அதில் முதுகைச் சாய்த்து நின்றுவிடுவாள். ஐம்பது வயது, வாட்டசாட்டமான உடம்பு. வெளியிலிருந்து யார் தள்ளினாலும் கதவு இம்மியும் அசையாது. ஒரு முறை மேலிடத்திலிருந்து பார்வையிட வந்த அதிகாரி தள்ளிப் பார்த்துவிட்டு, 'அறை பூட்டியிருக்கிறது' என்று நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அறைக்கு நடுவில் ஒரு பச்சைத் துணித் திரை. அந்தப் பக்கம் மேசையும் சிஸ்டரும். இந்தப் பக்கம் கதவோடு கதவாக இவள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் ஸ்லைடுகளும் ஸ்பிரிட் ஊற்றிய ஜாடியும். சிஸ்டர் கர்ப்பப்பையின் வாயில் ஒரு மரக்குச்சியால் லேசாக வழித்து, அதை விரல் நீளக் கண்ணாடி ஸ்லைடில் தடவித் திரைக்கு இந்தப் பக்கம் நீட்டுவார். காய்வதற்குள் இவள் அதை வாங்கி ஜாடிக்குள் இறக்குவாள். பாப் ஸ்மியர் என்பது அதன் பெயர். அங்கே வரும் பெண்களுக்கு அது 'கண்ணாடி டெஸ்ட்'. புற்றுநோய் வந்த பிறகு கண்டுபிடிக்கிற டெஸ்ட் அல்ல இது. வருவதற்குப் பல வருஷம் முன்னாலேயே அந்த இடத்தின் செல்கள் உருமாறத் தொடங்கும், அதை அப்போதே பிடித்துவிட்டால் நோயை வாசலோடு திருப்பி அனுப்பிவிடலாம். இதைத் தாழ்ப்பாள் அக்கா இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"பல்லு விளக்கற நேரம்கூட ஆகாதும்மா. வலிக்காது, கூசும். கூச்சம் நம்ம கூடப் பொறந்தது, அதை ரெண்டு நிமிஷம் என் கையில குடு, நான் கதவுகிட்ட வச்சிருக்கேன், போகும்போது வாங்கிட்டுப் போ" என்பாள். பயந்து வந்தவர்களுக்கு அதிலேயே பாதி பயம் போய்விடும்.

ஸ்லைடின் ஒரு முனையில் கால் அங்குலம் சொரசொரப்பாக இருக்கும். அதில் பெயரும் நம்பரும் எழுதுவதும் இவள் வேலைதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அப்போதிருந்த பழைய சிஸ்டர் ஸ்டூலின் காலில் சணலால் கட்டிய பென்சிலைக் காட்டி, "இதுலதான் எழுதணும்" என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. அந்த நிலையத்தில் அந்த மாதிரிச் சட்டங்களுக்குப் பஞ்சமே கிடையாது. வருகைப் பதிவேட்டில் நீல மைதான். புதுத் துடைப்பம் வேண்டுமென்றால் பழைய துடைப்பத்தின் கட்டையைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். புதுப் பென்சிலுக்கு, தேய்ந்த பென்சில் துண்டைக் காட்ட வேண்டும். எதற்கும் காரணம் சொல்கிற வழக்கம் அங்கே இல்லை. பென்சில் சட்டத்தையும் அவள் அந்த மூட்டையிலேயே போட்டு வைத்திருந்தாள். அவளைக் குறை சொல்ல வருகிறவர்கள் முதலில் இதைக் கொஞ்சம் யோசித்துவிட்டு வரட்டும்.

நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனி. மடிக்கிறவர்கள், பசை தடவி ஒட்டுகிறவர்கள், கம்பிப் பின் அடிக்கிறவர்கள் என்று முப்பது பெண்கள். ஒருத்திகூட டெஸ்டுக்கு வந்ததில்லை. தாழ்ப்பாள் அக்கா ஒரு வாரம் முழுக்க அவர்கள் சாப்பிடும் நேரத்துக்குப் போய், அட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்து பேசினாள். எல்லோரும் தலையாட்டினார்கள், சிரித்தார்கள், சாப்பாட்டில் பங்கு கொடுத்தார்கள். மணி அடித்ததும் போய்விட்டார்கள். சூப்பர்வைசரோ, அவள் 'கர்ப்பப்பை' என்று வாயைத் திறந்ததுமே அவசரமாக யாரையோ தேடிக்கொண்டு வெளியே போகிறவர்.

அங்கே ஒட்டுகிற மேசையில் அவளுடைய நாத்தனாரும் இருந்தாள். கணவனின் தங்கை. நாற்பத்தாறு வயதானாலும் வீட்டில் எல்லோருக்கும் 'பாப்பா'. புருஷனை இழந்தவள், ஒரே மகளோடு தனியாக இருக்கிறாள். அண்ணியும் நாத்தனாரும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. மாமியார் கடைசி மூச்சு விடும் நேரத்தில் மருமகள் பக்கத்தில் இல்லை. தகவல் வந்தபோது இவள் நிலையத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "ஊர்ல உள்ளவங்க கதவையெல்லாம் காப்பாங்க, சொந்த வீட்டு வாசலுக்கு வர நேரமிருக்காது" என்று நாத்தனார் அன்று கூட்டத்தில் சொன்னதுதான் கடைசி. அதற்கப்புறம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சுவரிடமோ பாத்திரத்திடமோ சொல்வாள். பஸ் ஓட்டும் அண்ணன்காரர் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, "நெரிசல்ல பஸ் ஓட்டறது எவ்வளவோ தேவலை" என்று நொந்துகொள்வார்.

ஆறாவது நாள், நாத்தனார் பசை வாளியைப் பார்த்துச் சொன்னாள்.

"அடுத்தவங்களுக்கு இவ்வளவு சொல்றவங்க, தனக்கு எடுத்துக்கிட்டாங்களான்னு யாராவது கேளுங்களேன்."

முப்பது தலையும் திரும்பியது. தாழ்ப்பாள் அக்கா முகத்தில் ஈயாடவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பெண்களை அந்த மேசையில் ஏற்றியவள், தான் ஒரு தடவை ஏறியதில்லை. நேரமில்லை என்று சொல்லலாம், ஆனால் அது பொய். பயம்தான். ஊருக்கெல்லாம் இரவல் கொடுத்த தைரியத்தில் தனக்கென்று அவள் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

"இல்ல, எடுத்துக்கல" என்றாள். "வியாழக்கிழமை எடுத்துக்கறேன். என் கூட யாரெல்லாம் வர்றீங்க?"

முதலில் பின் அடிக்கிறவள் கையைத் தூக்கினாள். வாய்த்துடுக்குக்காரி. அவளைப் பார்த்து ஒவ்வொன்றாக ஒன்பது கை. கடைசியாக, வாளிக்கு மேலிருந்து பசை ஒட்டிய ஒரு கை எழுந்தது. நாத்தனார்தான். ஆக, இவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர்.

வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. சூப்பர்வைசர் மனமிரங்கிக் கொடுத்தது இரண்டு மணி நேரம். பதினோரு பெண்களும் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டூலின் காலில் சணல் இருந்தது, பென்சிலைக் காணோம். தேய்ந்து தேய்ந்து அரை விரல் நீளம்தான் இருந்தது, முடிச்சிலிருந்து நழுவிவிட்டது போலிருக்கிறது. அவள் ஸ்டோருக்கு ஓடினாள்.

"துண்டு எங்க?" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"தொலைஞ்சு போச்சு சார். வெளியில ஆளுங்க காத்திருக்காங்க."

"துண்டைக் காட்டினாத்தான் புதுசு. இல்லன்னா தொலைஞ்சதுக்குக் கடிதம் எழுதிக் குடுங்க."

"எதுல எழுத? பென்சில்தான் இல்லையே."

அவர் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் ஒருத்தி, "இன்னொரு நாள் வரலாமாக்கா?" என்று எழுந்திருக்கப் பார்த்தாள். ஒருத்தி எழுந்தால் பதினொன்றும் எழுந்துவிடும் என்று தாழ்ப்பாள் அக்காவுக்குத் தெரியும். சீட்டு எழுதும் மேசையிலிருந்து ஒரு மைப்பேனாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பன்னிரண்டு பெயர்களையும் நிதானமாக எழுதினாள். பென்சிலில் எழுதுவதைவிட எழுத்து பளிச்சென்று வந்தது. இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்றே என்றுகூட நினைத்துக்கொண்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரியும்.

வேலை மளமளவென்று நடந்தது. சிஸ்டர் திரைக்கு இந்தப் பக்கம் கையை நீட்டினார், இவள் வாங்கி ஜாடியில் இறக்கினாள். பதினோரு பேர் முடிந்தார்கள். இவள் முறை வந்ததும்தான் ஒரு சிக்கல் தெரிந்தது. தாழ்ப்பாள் மேசைக்குப் போய்விட்டால் கதவுக்கு யார்? சிஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நாத்தனார் உள்ளே வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒல்லியான முதுகைக் கதவில் வைத்து அழுத்திக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி நின்றாள். தாழ்ப்பாள் அக்கா மேசையில் படுத்திருந்த அந்த இரண்டு நிமிஷமும் திரைக்கு அந்தப் பக்கம் நாத்தனார் மூச்சு விடும் சத்தம் கேட்டது. யாரோ தனக்காக நிற்கிறார்கள் என்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. இறங்கி வந்து ஏதாவது சொல்வதற்குள் நாத்தனார் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் கொண்டையை அவிழ்த்தபோது பென்சில் துண்டு டக்கென்று தரையில் விழுந்தது. எப்போதோ நழுவியதைத் தானே எடுத்துக் கொண்டையில் செருகியிருக்கிறாள். கணவனிடம் காட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

எட்டு நாள் கழித்துச் சிஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, அன்னைக்கு எதுல பேர் எழுதினீங்க?"

"பேனாவுல சிஸ்டர். பென்சிலைத்தான் காணோமே."

சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். "ஸ்பிரிட்டுல மை கரைஞ்சுடும்க்கா. பென்சில் கரையாது. அதுக்குத்தான் பென்சில். லேபுக்குப் போன பன்னண்டு ஸ்லைடுலயும் பேரே இல்ல. மொட்டையா இருக்கு."

"இதை எனக்கு யாருமே சொல்லலையே."

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். அன்னைக்கு நானும் ஸ்லைடைப் பார்க்கல" என்றார் சிஸ்டர். அந்த அளவுக்கு நேர்மை அவரிடம் இருந்தது.

"சரி, எல்லாரையும் மறுபடி கூட்டிட்டு வந்துடறேன்."

"அது மட்டும் இல்லக்கா." சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "பேர் இல்லாததை லேப்ல படிக்கக் கூடாது, திருப்பி அனுப்பிடணும். ஆனா சாயம் ஏத்தின பிறகுதான் கவனிச்சிருக்காங்க, அதனால அங்க உள்ள டாக்டரம்மா பார்த்துட்டாங்க. பதினொண்ணு நல்லா இருக்கு. ஒண்ணு சரியில்ல. செல்லு ரொம்பவே மாறியிருக்காம். யாரோடதுன்னு தெரியாது, ஆனா ஒருத்தரையும் விட்டுடாதீங்கன்னு போன்ல சொன்னாங்க."

தாழ்ப்பாள் அக்காவின் எழுத்தை நம்பி மேசையில் ஏறிய பதினோரு முகமும் வரிசையாகக் கண்முன் வந்தது. பன்னிரண்டாவதாகத் தன் முகம்.

உடனே மறுபடி எடுத்துவிடவும் முடியாது. சுரண்டிய இடம் ஆறிப் புதுத் தோல் வளர இரண்டு மாதமாவது வேண்டும், அதற்கு முன் எடுத்தால் சரியாகத் தெரியாது என்றார் நிலையத்து டாக்டர். "பேர் அழிஞ்சு போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தைச் சொல்லிப் பயமுறுத்தாதீங்க" என்றும் சொன்னார். அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஒரு வாரம் உட்கார்ந்து பேசியவர் இல்லை. பேர் அழிந்தது என்று மட்டும் சொன்னால் நாலு பேர்கூட வரமாட்டார்கள். அந்த ஒருத்தி வராதவர்களில் இருந்துவிட்டால்?

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் அட்டைக் கட்டின்மேல் உட்காரவில்லை, நின்றாள். பேனா எடுத்ததிலிருந்து லேப் டாக்டர் சொன்னது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். "தப்பு என்னுது. வேற யாரையும் திட்டாதீங்க" என்று முடித்தாள்.

யாரும் சாப்பிடவில்லை. பின் அடிக்கிறவளுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்னக்கா விளையாடறீங்களா? அப்ப எங்கள்ல ஒருத்திக்கு இருக்கு, அது யாருன்னு ரெண்டு மாசம் தெரியாம நாங்க சோறு திங்கணும், அப்படித்தானே?"

"உங்கள்ல இல்லம்மா. நம்மள்ல. நானும் அந்தப் பன்னண்டுல ஒருத்திதான்."

பின் அடிக்கிறவள் தட்டை நகர்த்தி, "உக்காருங்க. நின்னுக்கிட்டே இருந்தா மட்டும் தெரிஞ்சிடப் போகுதா" என்றாள்.

நாத்தனார் அதற்குள் எழுந்து கை கழுவப் போயிருந்தாள். பசையைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. மணி அடித்த பிறகுதான் திரும்பி வந்தாள்.

அந்த இரண்டு மாதத்தைத் தாழ்ப்பாள் அக்கா எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. தினமும் கம்பெனி வாசலுக்குப் போனாள். ஒருத்திக்கு இடுப்பு வலித்தாலும் இவளைத்தான் கேட்டார்கள், ஒருத்திக்குத் தலை சுற்றினாலும் இவளைத்தான் கேட்டார்கள். வீட்டில் அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு, தனக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்த மனுஷருக்கு டீ போடக்கூடத் தெரியாதே என்று நின்றுகொண்டிருப்பாள். கருகிய வாசனை வந்ததும் அவரே வந்து அடுப்பை அணைப்பார்.

இரண்டாம் முறை எடுக்கும் நாளில் அவள் ஒரு டப்பா பென்சில் சொந்தமாக வாங்கி, எல்லாவற்றையும் சீவி எடுத்துக்கொண்டு போனாள். ஸ்டூலின்மேல் ஏற்கெனவே ஒரு புதுப் பென்சில் கிடந்தது. ஸ்டோர் கீப்பர் கொண்டுவந்து வைத்தாராம். துண்டு கேட்கவில்லையாம்.

பின் அடிக்கிறவள்தான் ஆட்களை ஓட்டிக்கொண்டு வந்தாள். பத்துப் பேர். நாத்தனார் அன்று லீவு.

"உடம்பு சரியில்லைன்னு சொல்லி அனுப்பிட்டா" என்றாள் பின் அடிக்கிறவள். "வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். முதல் தடவை நம்பினது போதும்னு கதவைச் சாத்திட்டா."

இவளோடு சேர்த்துப் பதினொன்று எடுத்தார்கள். இவள் முறை வந்தபோது, பின் அடிக்கிறவள் கதவில் சாய்ந்துகொண்டு, "சிஸ்டர், சீக்கிரம், எனக்கு இந்த வேலை சரிப்படாது" என்று சிரிக்க வைத்தாள்.

மூன்று வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. சிஸ்டர் ஒவ்வொன்றாகப் படித்தார். நல்லா இருக்கு. நல்லா இருக்கு. தாழ்ப்பாள் அக்காவின் பெயர் ஒன்பதாவதாக வந்தது. நல்லா இருக்கு. அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. சிரித்துவிட்டாள். உண்மையைச் சொல்லாமல் விட முடியாது, அந்த நேரத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த இரண்டும் நல்லா இருக்கு என்று வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

பதினொன்றும் நல்லது. சரியில்லாத அந்த ஒன்று மிச்சமிருக்கிற ஒருத்தியுடையது.

"இந்த டெஸ்ட்ல சில சமயம் தப்பும் வரும்க்கா, நூத்துக்கு நூறு சொல்ல முடியாது" என்று சிஸ்டர் மெதுவாக ஆரம்பித்தார். பிறகு அதை விட்டுவிட்டு, "அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஒற்றை அறையும் ஒரு சமையலறையும்தான் நாத்தனார் வீடு. மேசையின் ஆடும் காலுக்கு அடியில் மடித்த அட்டை, ஜன்னலில் உடைந்த கண்ணாடிக்குப் பதில் அட்டை. எல்லாம் கம்பெனியில் கழித்துப் போட்டவை. மகள் கடை வேலை முடிந்து இன்னும் வரவில்லை. நாத்தனார் கதவைத் திறந்தாள், யார் என்று பார்த்தாள், சாத்தாமல் உள்ளே போய்விட்டாள். தாழ்ப்பாள் அக்கா பின்னாலேயே போனாள்.

நாத்தனார் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். தாழ்ப்பாள் அக்கா எதிரில் நின்றாள். பல்லு விளக்கற நேரம் என்று இவளிடம் எப்படிச் சொல்வது?

"பாப்பா" என்றாள். "ரிப்போர்ட் வந்துடுச்சு."

"தெரியும்" என்றாள் நாத்தனார் வெங்காயத்திடம். "எல்லாருக்கும் நல்லா இருக்காம். கம்பெனியிலேருந்து வந்து சொல்லிட்டுப் போனாங்க."

"நீ வரணும்."

"எதுக்கு? அதான் தெரிஞ்சு போச்சே. அன்னைக்கே தெரியும், ஒருத்திக்கு இருக்குன்னு கம்பெனியில சொன்னப்பவே. அது நான்தான்னு." கத்தி நின்றது. "தீட்டு நின்னு நாலு வருஷம் ஆச்சு. இந்த ஒரு வருஷமா மறுபடி துணியில கறை படுது."

"ஒரு வருஷமாவா?" என்றாள் தாழ்ப்பாள் அக்கா. "யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்ட சொல்ல? பொண்ணுகிட்டயா? அண்ணன்கிட்டயா? எங்கம்மா இருந்தா அவகிட்ட சொல்லியிருப்பேன்." அவள் முதல் முறையாக நிமிர்ந்தாள். "அவளை விட்டா இருக்கறது நீங்க. உங்ககிட்டத்தான் பேசறதில்லையே."

ஆறு வருஷம் கழித்து அவளிடமிருந்து வந்த முதல் 'நீங்க'. தாழ்ப்பாள் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையை அடக்கவில்லை, அடக்க முடியவும் இல்லை. "அன்னைக்கு நான் வந்திருக்கணும் பாப்பா. தகவல் வந்ததும் ஓடி வந்திருக்கணும்."

நாத்தனார் அடுத்த வெங்காயத்தை எடுத்து, உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அன்னைக்கு மேசையில யாராவது படுத்திருந்தாங்களா?"

"ஆமா. சின்னப் பொண்ணு. பாதியில இருந்துச்சு."

"ம்." வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "நீங்க படுத்திருந்தப்ப நான் கதவைப் பிடிச்சேன்ல. யாரோ வெளியிலேருந்து தள்ளினாங்க. நான் பதறிட்டேன். அந்த நேரத்துல வீடு தீப்பிடிக்குதுன்னு யாராவது சொல்லியிருந்தாக்கூட விட்டுட்டு வந்திருக்க மாட்டேன். வர முடியாது. அது எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது." மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "சொல்லணும்னு நினைச்சேன். அதுக்குள்ள நீங்க பேரை அழிச்சுட்டு வந்து நிக்கறீங்க. கோவமா வந்துச்சு. பயமாவும் இருந்துச்சு. எது முதல்ல வந்துச்சுன்னு தெரியல."

"பயத்தை என்கிட்ட குடு" என்றாள் தாழ்ப்பாள் அக்கா. வழக்கமாகச் சொல்வதுதான்.

"அதெல்லாம் ஊர்ல உள்ளவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள் நாத்தனார். ஆனாலும் மறுநாள் காலையில், லீவு சொல்லிவிட்டு, நிலையம் திறப்பதற்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

சிஸ்டர் விஷயத்தைக் கேட்டதும், "ஸ்மியர் எடுத்து அனுப்பிடறேன். ஆனா கறை படுதுன்னா அதோட நிக்கக் கூடாது, இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதறேன்" என்றார். தாழ்ப்பாள் அக்கா ஸ்லைடை எடுத்துப் பென்சிலை வைத்தாள்.

"குடுங்க. நானே எழுதறேன். உங்களை நம்ப முடியாது."

நாத்தனார் ஸ்டூலின்மேல் குனிந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு, அழுத்தி அழுத்தித் தன் பெயரை எழுதினாள். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். போதாதென்று ஜாடியிலிருந்து ஒரு சொட்டு ஸ்பிரிட்டை விரலில் தொட்டுத் தேய்த்தாள். பெயர் அப்படியே இருந்தது.

"போகல" என்றாள்.

"போகாது" என்றாள் தாழ்ப்பாள் அக்கா.

திரைக்கு அந்தப் பக்கம் அவள் படுத்தாள். சிஸ்டர் கையுறை மாட்டும் சத்தம். அப்புறம் நாத்தனாரின் குரல், சன்னமாக.

"அண்ணி. நிக்கறீங்களா?"

"நிக்கறேன் பாப்பா."

பெரிய ஆஸ்பத்திரியில் லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள், துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். ஆரம்பத்திலும் ஆரம்பம் என்றார் அங்கிருந்த டாக்டர், கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் போதும் என்றும் சொன்னார். இன்னும் ஒரு வருஷம் இவங்க மறைச்சிருந்தா நான் இப்படிப் பேசியிருக்க மாட்டேன் என்றும் அவரே சேர்த்துக்கொண்டார். ஆபரேஷன் நாளில் அண்ணன்காரர் பஸ்ஸை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வந்து, காரிடாரில் நடந்துகொண்டே இருந்தார். ஆபரேஷன் அறைக் கதவுக்கு நல்ல உறுதியான பூட்டு இருந்தது. இருந்தாலும் தாழ்ப்பாள் அக்கா அதற்குப் பக்கத்திலேயே நின்றாள். நர்ஸ் வந்து பெஞ்சைக் காட்டினாள். பரவாயில்லம்மா, பழகிப்போச்சு என்றாள் இவள்.

எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ஓரங்களில் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று அதில்தான் தெரியும். இரண்டு வாரம் கழித்து அந்த ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, தாழ்ப்பாள் அக்கா நேராக நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். வழியில் பிரிக்கவில்லை. நாத்தனார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மகள் பக்கத்தில் இருந்தாள்.

இவள் காகிதத்தைப் பிரித்தாள். முதல் வரியைப் படித்தாள், மறுபடியும் அதையே படித்தாள். கண் அதற்குக் கீழே இறங்க மறுத்தது.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் நாத்தனார்.

"உன் பேர் போட்டிருக்கு."

"அது எனக்குத் தெரியும். கீழ?"

தாழ்ப்பாள் அக்கா கீழே பார்த்தாள். என்ன வந்திருந்தால் நல்லது என்று டாக்டர் ஏற்கெனவே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்ததோடு ஒவ்வொரு சொல்லாக ஒப்பிட்டுப் பார்த்தாள். இவ்வளவு நேரம் எடுத்ததற்கு அந்த மகள் அவளைப் பிறகு திட்டித் தீர்த்தாள், அது நியாயம்தான்.

"எல்லாம் எடுத்தாச்சு" என்றாள். "ஓரத்துல எங்கயும் மிச்சமில்லன்னு போட்டிருக்கு."

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் கழுத்து வரைக்கும் போனது, அவள் துடைக்கவில்லை.

"முதல்லேருந்து படிங்க அண்ணி" என்றாள். "பேரோட சேர்த்துப் படிங்க."

தாழ்ப்பாள் அக்கா பேரிலிருந்து ஆரம்பித்துப் படித்தாள்.